பழைய தமிழ் விவாதத் தளம் கூகுள் தேடலில் வருவதில்லை: எங்கிருந்து தொடங்குவது?

#1 மேடைக்காவலர்

வணக்கம். பிஹெச்பிபிபி என்ற விவாதத் தள மென்பொருளின் 3.3 பதிப்பில் ஓடும் தமிழ்த் தளம். தோட்டம், நில ஆவணம், சமையல், கணினி என்று பிரிவுகள். இழைகள் 18,000 அளவில். தளம் தேடலில் எப்படி நிற்கிறது என்று கூகுள் காட்டும் சர்ச் கன்சோலைத் திறந்தால் இண்டெக்ஸ் ஆகாத (தேடல் பட்டியலில் சேராத) முகவரிகள் 4 லட்சத்தைத் தாண்டி நிற்கின்றன, இண்டெக்ஸ் ஆனவை 6,000-க்குள். இழையின் தலைப்பை மேற்கோள் குறிக்குள் அப்படியே போட்டுத் தேடினாலும் பல இழைகள் வருவதில்லை. சைட்மேப் (முகவரிப் பட்டியல் கோப்பு) கொடுத்தாயிற்று. ஸ்டைல் (பக்கத் தோற்ற வார்ப்புரு) மட்டும் 3.0 காலத்தது, ஒட்டுப்போட்டு ஓட்டுகிறோம். முதலில் எங்கே கை வைப்பது? வரிசையாகச் சொன்னால் அப்படியே செய்துவிடுகிறேன்.

#2 வலைத்தறி

18,000 இழைக்கு 4 லட்சம் முகவரி என்பதிலேயே விடை இருக்கிறது. உங்களுக்குப் பக்கம் குறைவில்லை, முகவரிதான் மிகுதி.

ஒரே ஒரு இழையை எடுத்து எண்ணிப் பாருங்கள். 30 பதிவுகள், பக்கத்துக்கு 10 வீதம் (பிஹெச்பிபிபி நிறுவியதும் இருக்கும் அமைப்பு இதுதான்). உண்மையான பக்கங்கள் 3. ஒவ்வொரு பதிவுக்கும் 'பி=' என்று வரும் தனி இணைப்பு 30. அச்சுக் காட்சி 3. ஆக 36. இவையே 'எஃப்=' என்ற பிரிவு எண்ணோடு ஒரு தடவை, அது இல்லாமல் ஒரு தடவை திறக்கும், 72 ஆயிற்று. 3.0 பதிப்பில் இணைப்பின் வாலில் ஒட்டிவந்த 'எஸ்டி', 'எஸ்கே' வகை வரிசைப்படுத்தும் அளபுருக்கள் தனி. அமர்வு எண்ணான 'எஸ்ஐடி' வருகைக்கு வருகை புதிதாகப் பிறப்பது, அதற்குக் கணக்கே கிடையாது.

3 பக்கத்தைப் படிக்க வந்த கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்கக் கூகுள் அனுப்பும் நிரல்) 72 கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது. பாதியில் நேரம் முடிந்து போய்விடும். நல்ல இழைகள் 'டிஸ்கவர்டு, கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்டு' (முகவரி தெரியும், இன்னும் சேர்க்கவில்லை) பட்டியலில் கிடப்பது அதனால்தான். சைட்மேப்பை நூறு தடவை மறுபடி கொடுத்தாலும் இது மாறாது.

முதல் வேலை: எந்தக் கதவை எத்தனை தடவை தட்டுகிறது என்று சர்வர் லாக்கில் (வருகைப் பதிவுக் கோப்பில்) பார்ப்பது. அதைப் பார்க்காமல் ரோபாட்ஸ் கோப்பில் (பாட்கள் எதைப் படிக்கக் கூடாது என்று சொல்லும் கோப்பு) ஒரு வரிகூட எழுதாதீர்கள்.

#3 பதிவேடு

லாக் பார்ப்பதற்கு முறை இது. 7 நாள் லாக்கை எடுத்து கூகுள்பாட் என்ற பெயருள்ள வரிகளை மட்டும் தனிக் கோப்பில் பிரித்துக்கொள்ளுங்கள். கேள்விக்குறிக்கு முன்னால் உள்ள கோப்புப் பெயரை வைத்து ஒரு எண்ணிக்கை (இழைக்கு வியூடாபிக், பிரிவுக்கு வியூஃபோரம், உறுப்பினர் பட்டியலுக்கு மெம்பர்லிஸ்ட், தேடலுக்கு சர்ச், உறுப்பினரின் சொந்த அமைப்புகளுக்கு யூசிபி, பதிவு எழுத போஸ்டிங்). வியூடாபிக்குக்குள் மட்டும் கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் அளபுருவை வைத்து இன்னொரு எண்ணிக்கை. மூன்றாவது, பதிலெண் வாரியாக: 200 (சரி), 301, 302 (வேறு முகவரிக்குத் திருப்பல்), 403 (அனுமதி இல்லை), 404 (பக்கம் இல்லை), 5-ல் தொடங்குபவை (சர்வர் கோளாறு).

பெயரை மட்டும் நம்ப வேண்டாம். கூகுள்பாட் என்று பெயர் போட்டுக்கொண்டு வரும் களவு பாட்கள் நிறைய. ஐபியைத் தலைகீழ் டிஎன்எஸ் தேடலில் (ஐபிக்குரிய பெயரைக் காட்டும் தேடல்) கொடுங்கள், பெயர் கூகுள்பாட்.காம் அல்லது கூகுள்.காம் என்று முடிய வேண்டும். பிறகு அந்தப் பெயரைத் திருப்பித் தேடினால் அதே ஐபி வர வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் உண்மை.

லாக் எடுக்க வசதியில்லாத பகிர்வு ஹோஸ்டிங் என்றால் சர்ச் கன்சோலில் செட்டிங்ஸ், அதற்குள் கிரால் ஸ்டாட்ஸ். கடந்த 90 நாளின் படம் கிடைக்கும். ஆனால் மாதிரி முகவரிகள்தான் காட்டும், முழுப் பட்டியல் தராது.

#4 மேடைக்காவலர்

எண்ணிவிட்டேன். மெம்பர்லிஸ்ட், சர்ச், 'பி=' மூன்றும் சேர்ந்து பாதிக்கு மேல் போகிறது. அதைவிட உறுத்துவது வேறு: 'நில ஆவணம்' பிரிவுக்கு உண்மையான கூகுள்பாட் ஒரு தடவைகூட உள்ளே போய்ப் படிக்கவில்லை. விருந்தினராகத் திறந்தால் அந்தப் பிரிவு நன்றாகத் தெரிகிறது. பட்டா, கூட்டுப் பட்டா, வில்லங்கச் சான்று பற்றி அத்தனை பேர் பொறுமையாக எழுதிவைத்த பதில்கள் அங்கேதான் இருக்கின்றன.

#5 செந்தூரம்

மேடைக்காவலர் அண்ணா, அது அனுமதிப் பிழை. பிஹெச்பிபிபியில் விருந்தினர் குழு வேறு, பாட்ஸ் குழு வேறு. புதுப் பிரிவு உருவாக்கும்போது 'காப்பி பெர்மிஷன்ஸ் ஃப்ரம்' என்ற இடத்தில் பழைய பிரிவு ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் விட்டு, பிறகு கையால் விருந்தினருக்கும் உறுப்பினருக்கும் மட்டும் அனுமதி கொடுத்தால் பாட்ஸ் குழு வெளியே நின்றுவிடும். மனிதர் யார் பார்த்தாலும் பிரிவு தெரியும், பாட்டுக்கு மட்டும் அப்படியொரு பிரிவே இல்லை. பல வருடம் யார் கண்ணிலும் படாமல் இருக்கும் பிழை இது.

நிர்வாகப் பலகத்தில் பெர்மிஷன்ஸ், ஃபோரம் பெர்மிஷன்ஸ், அந்தப் பிரிவு. பாட்ஸ் குழுவைச் சேர்த்து 'பாட் ஆக்சஸ்' என்ற ரோலைக் கொடுங்கள். தாய்ப் பிரிவுக்கு அனுமதி கொடுத்தால் போதாது, ஒவ்வொரு கிளைப் பிரிவுக்கும் தனித்தனியாக வேண்டும்.

சரிபார்க்க, பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் கண்டிஷன்ஸ் போய் யூசர் ஏஜென்டைக் கூகுள்பாட் என்று மாற்றி, லாக்அவுட் செய்த நிலையில் முகப்பைத் திறங்கள். பாட் பார்ப்பதை நீங்கள் பார்க்கலாம். அடுத்து சர்ச் கன்சோலில் அந்த இழையைக் கொடுத்து 'டெஸ்ட் லைவ் யூஆர்எல்'. வரும் எச்டிஎம்எல்லில் பதிவின் வாசகம் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

#6 வலைத்தறி

செந்தூரம் பிடித்தது முக்கியமான இடம். இனி முகவரிக் குறைப்பு. இங்கே ரோபாட்ஸ் கோப்பையும் நோஇண்டெக்ஸையும் ('தேடலில் சேர்க்காதே' என்று பக்கத்தோடு வரும் குறி) குழப்பிக்கொள்வதால்தான் முக்கால்வாசித் தளங்கள் கெடுகின்றன.

ரோபாட்ஸ் கோப்பு 'படிக்காதே' என்று மட்டும் சொல்லும். 'பட்டியலில் சேர்க்காதே' என்று அது சொல்வதில்லை. வெளியிலிருந்து இணைப்பு இருந்தால் கூகுள் படிக்காமலே முகவரியை மட்டும் பட்டியலில் வைக்கும். நோஇண்டெக்ஸ் வேலை செய்ய அந்தப் பக்கத்தைப் படித்தாக வேண்டும். இரண்டையும் ஒரே முகவரிக்குப் போட்டால் நோஇண்டெக்ஸை அது பார்க்கவே பார்க்காது. ரோபாட்ஸ் கோப்புக்குள்ளேயே நோஇண்டெக்ஸ் வரி எழுதும் பழைய வழியையும் கூகுள் 2019 செப்டம்பர் 1 முதல் கணக்கில் எடுப்பதில்லை. இன்னும் பல கோப்புகளில் அந்த வரி கிடக்கிறது, எடுத்துவிடுங்கள்.

உங்கள் தளத்துக்கு நான் பிரிப்பது இப்படி. சர்ச், போஸ்டிங், யூசிபி, அச்சுக் காட்சி நான்கும் ரோபாட்ஸ் கோப்பில் தடை. இவை தேடலில் இருக்க எந்தக் காரணமும் இல்லை. மெம்பர்லிஸ்ட்டுக்குத் தடை வேண்டாம், சர்வர் பக்கத்தோடு அனுப்பும் 'எக்ஸ்-ரோபாட்ஸ்-டேக்' என்ற ஹெடர் வழியாக நோஇண்டெக்ஸ் கொடுங்கள். உறுப்பினர் பக்கங்கள் ஏற்கெனவே பட்டியலில் ஏறியிருக்கும், அவை இறங்கட்டும். இறங்கிய பிறகு, சில மாதம் கழித்து, தடை போட்டுக்கொள்ளலாம்.

'பி=' முகவரிகளுக்குத் தடை போடவே கூடாது. மற்ற தளத்தில் ஒருவர் உங்கள் இழையை மேற்கோள் காட்டும்போது பெரும்பாலும் அந்த முகவரியைத்தான் ஒட்டுவார். தடுத்தால் கூகுள்பாட் அதைத் திறக்காது, 'இந்தப் பக்கத்தின் முதன்மை முகவரி இது' என்று சொல்லும் கேனானிக்கல் வரியைப் பார்க்காது, அந்த இணைப்பின் பலன் இழைக்குச் சேராது. கேனானிக்கல் இருந்தால் போதும். ஆனால் உங்கள் ஸ்டைல் 3.0 காலத்தது என்கிறீர்கள், அதுதான் இடிக்கிறது. ஓவரால்-ஹெடர் கோப்பைத் திறந்து 'யூ_கேனானிக்கல்' என்ற மாறி இருக்கிறதா பாருங்கள். மென்பொருள் அதைத் தயாராக வைத்திருக்கும், பழைய ஸ்டைல் அதைப் பக்கத்தில் எழுதாது.

அதே ஸ்டைலில் இன்னொன்று. பிஹெச்பிபிபியோடு வரும் ப்ரோசில்வர் ஸ்டைலில் பதிவுக்குப் பக்கத்திலுள்ள சிறு இணைப்பும் 'கடைசிப் பதிவு' இணைப்பும் 'எஸ்_இஸ்_பாட்' என்ற நிபந்தனைக்குள் இருக்கும். பாட் வந்தால் படம் மட்டும் தெரியும், இணைப்பு வராது. உங்கள் ஸ்டைலில் அந்த நிபந்தனை இருக்க வாய்ப்பில்லை. அதைச் சேர்த்தால் மேலே எண்ணிய 30-ம் உள்ளிருந்து பிறப்பது நின்றுவிடும்.

#7 நெய்தல்

ஒரு எச்சரிக்கை சேர்க்கிறேன். கேனானிக்கல் எழுதும்போது இழையின் 2, 3-ஆம் பக்கங்களையும் முதல் பக்கத்துக்கே காட்டிவிடும் பிளக்இன்கள் உண்டு. அப்படிச் செய்தால் 11-ஆம் பதிவு முதல் உள்ளது எதுவும் தேடலில் வராது. நல்ல பதில் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஒவ்வொரு பக்கமும் தன்னையே காட்ட வேண்டும். 'அடுத்தது, முந்தையது' என்ற ரெல் குறிகளைப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2019-லேயே சொல்லிவிட்டது. பக்க எண்கள் சாதாரண இணைப்பாக இருந்தால் போதும்.

#8 பனங்கிழங்கு

இலங்கைப் பக்கத்திலிருந்து ஒரு விடயம் கேட்க வேணும். தளம் எவ்வளவு பழையது? 2008-க்கு முந்திய பதிவுகள் இருந்தால் அவை யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவிலோ திஸ்கி குறியாக்கத்திலோ கிடக்கும். உங்களுக்கு எழுத்துரு நிறுவியிருப்பதால் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது தமிழ் இல்லை, வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பக்கத்தின் மொழியைக் கூகுள் கண்ணுக்குத் தெரியும் வாசகத்தை வைத்துத்தான் தீர்மானிக்கிறது, எச்டிஎம்எல்லில் 'லாங்' என்று போட்டிருப்பதை வைத்து அல்ல. எனவே அந்தப் பதிவுகள் எந்தத் தமிழ்த் தேடலிலும் வராது.

#9 மேடைக்காவலர்

2004 முதல் இருக்கிறது. ஆரம்பப் பதிவுகள் சில ஆயிரம் பாமினிதான், கொஞ்சம் திஸ்கி. எது எது என்று எழுத்துரு குறிப்பு எதுவும் தரவுத்தளத்தில் இல்லை. ஆங்கிலப் பதிவுகளும் கலந்து கிடக்கின்றன. எப்படிப் பிரிப்பது?

#10 பனங்கிழங்கு

பாமினியைப் பிரிப்பது லேசு. பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசையைத்தான் பாவிக்கிறோம். 'அம்மா' என்ற சொல்லைத் தட்டினால் நடுவிலே ஒரு அரைப்புள்ளி வந்து, அதை ஒட்டியே அடுத்த எழுத்து வரும். ஆங்கிலத்தில் அரைப்புள்ளிக்குப் பிறகு இடைவெளி விடுவார்கள். ஆகவே, இடைவெளி இல்லாமல் எழுத்து, அரைப்புள்ளி, எழுத்து என்று வரும் இடங்களை ஒவ்வொரு பதிவிலும் எண்ணுங்கள். பத்துச் சொல்லுக்கு இரண்டு மூன்று வந்தால் அது பாமினி. தமிழில் புள்ளி எழுத்து இல்லாமல் நாலு சொல் எழுத முடியாது, அதனால் இந்தக் கணக்குத் தப்பாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தரவுத்தளத்தில் 'அண்ட் குவாட்' போன்ற எச்டிஎம்எல் குறியீடுகளும் அரைப்புள்ளியில் முடியும். எண்ணுவதற்கு முன் அவற்றை அவிழ்த்துவிடுங்கள்.

மாற்றும்போது வரும் பிழைகள் மூன்று.

பாமினியிலும் திஸ்கியிலும் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்து சேமிக்கப்படும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. எழுத்துக்கு எழுத்து பதிலீடு செய்தால் கொம்பு தனியாக நின்று புள்ளிவட்டம் காட்டும். கொம்பும் காலும் சேரும் 'கொ, கோ' இன்னும் மோசம். முதலில் முழு உயிர்மெய்யை மாற்றி, கடைசியில்தான் தனி எழுத்துக்கு வர வேண்டும். அட்டவணையை நீளமான சேர்க்கையில் தொடங்கிக் குறுகியதில் முடிக்கிற மாதிரி அடுக்குங்கள்.

இரண்டாவது, பதிவுக்குள் இருக்கும் இணைப்பு முகவரி, மின்னஞ்சல், பிபிகோடு (சதுர அடைப்புக்குள் எழுதும் வடிவக் குறி). இவற்றையும் பாமினி என்று நினைத்து மாற்றினால் இணைப்பு எல்லாம் தமிழாகிச் செத்துப்போகும். முதலில் அவற்றை எடுத்து ஒரு பக்கம் வைத்து, மாற்றிய பிறகு திருப்பிச் செருகுங்கள்.

மூன்றாவதுதான் ஒருவரும் கவனிக்காதது. கால் (ா) என்ற குறியும் 'ர' என்ற எழுத்தும் பார்வைக்கு ஒன்று. தட்டச்சிலே பழகிய கனபேர் 'ர்' வர வேண்டிய இடத்தில் காலைப் போட்டுப் புள்ளி வைப்பார்கள். 'அவர்' என்று வர வேண்டியது 'அவா்' என்று கிடக்கும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, தேடினால் பொருந்தாது. காலுக்குப் பிறகு புள்ளி வருவது தமிழில் எங்கேயும் இல்லை, ஆகவே அந்த இரட்டையைத் தளம் முழுக்க 'ர்' என்று மாற்றிவிடலாம், ஆபத்தில்லை.

#11 பதிவேடு

பனங்கிழங்கு ஐயா சொன்னதற்கு மறுபக்கம்: 'ஒள', 'கெள' ஆகியவற்றை அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. 'ஔவை' என்பதை 'ஒளவை' என்று ஒ, ள தனித்தனியாகத் தட்டியவர்கள் உண்டு. ஆனால் 'ஒளி' சரியான சொல். 'கௌரவம்' என்பதை 'கெளரவம்' என்று தட்டியிருப்பார்கள். 'கெளுத்தி' மீனும் இருக்கிறது. இதற்கு ஒரு சிறு சொற்பட்டியல் வைத்து, அந்தச் சொற்களை மட்டும் திருத்துங்கள்.

பிரித்த கொம்பும் காலும் (ெ + ா) சேர்ந்த 'ொ'-வும் யூனிகோடில் சமம் என்றே வரையறை. எல்லாவற்றையும் என்எஃப்சி என்ற சேர்த்தெழுதிய வடிவத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட்டால் தளத்தின் உள் தேடலும் ஒழுங்காகும். கூகுள் எப்படியோ சமாளித்துவிடும், தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல் சமாளிக்காது.

தரவுத்தளத்தில் வேறொரு கேடும் இருக்கலாம். யூடிஎஃப்-8 பைட்டுகளை லத்தீன்1 இணைப்பு வழியாகச் சேமித்திருந்தால், ஒவ்வொரு தமிழ் எழுத்துக் குறிக்கும் மூன்று விசித்திர லத்தீன் குறிகள் தெரியும். அட்டவணையின் அந்த நெடுவரிசையை நேரடியாக யூடிஎஃப்8எம்பி4 என்று மாற்றினால் கேடு நிலைத்துவிடும். முதலில் பிளாப் (வெறும் பைட்டுகள்) வகைக்கு மாற்றி, அங்கிருந்து யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டும். அப்போதுதான் பைட்டு பைட்டாகவே இருக்கும். கேள்விக்குறியாக நிற்கும் பதிவுகளை மட்டும் மீட்க வழி கிடையாது, பழைய பேக்கப்பில் இருந்தால் உண்டு. எதைத் தொடும் முன்பும் முழு டம்ப் (தரவுத்தள நகல்) எடுத்து, வேறு சர்வரில் ஏற்றி, திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இருபது வருடப் பேச்சு அது.

#12 நெய்தல்

இனி தலைப்பு. உங்கள் பழைய ஸ்டைலில் டைட்டில் வரி 'தளத்தின் பெயர், வியூ டாபிக், இழைத் தலைப்பு' என்ற வரிசையில் இருக்கும். 3.0-வின் வழக்கம் அது. கூகுள் தலைப்பை எழுத்தெண்ணி வெட்டுவதில்லை, அகலம் பார்த்து வெட்டுகிறது. தமிழ் எழுத்து அகலம் கூடியது. தளத்தின் பெயரும் 'வியூ டாபிக்'கும் இடத்தை அடைத்துக்கொண்டால் இழையின் தலைப்பு இரண்டு சொல்லோடு நின்றுவிடும். வரிசையைத் திருப்புங்கள்: இழைத் தலைப்பு, பக்க எண், கடைசியில் தளத்தின் பெயர்.

அடுத்தது தலைப்பின் சொற்கள். 'உதவி தேவை', 'ஒரு சந்தேகம்', 'அவசரம்' என்று எத்தனை இழை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 'உதவி தேவை நண்பர்களே' என்பது 'மாடித்தோட்டத் தக்காளியில் இலைச் சுருட்டு: வெள்ளை ஈயைக் கட்டுப்படுத்துவது எப்படி?' என்று மாறினால்தான் அந்தச் செடியோடு தவிக்கும் ஒருவர் வந்து சேர்வார். கேட்டவரின் முதல் பதிவில் உள்ள சொல்லையே எடுத்துத் தலைப்பாக்குங்கள். மட்டுறுத்துநர் தன் சொந்தத் தமிழைத் திணிக்கத் தேவையில்லை.

எல்லா இழையையும் திருத்த முடியாது என்பதால் எதைத் திருத்துவது என்பதைச் சர்ச் கன்சோலிடம் கேளுங்கள். பெர்ஃபார்மன்ஸ், குவெரி வடிகட்டி, கஸ்டம் ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்து வடிகட்டும் வசதி). அங்கே [அ-ஹ] என்று தட்டுங்கள், அவ்வளவுதான். தமிழ் எழுத்தில் தட்டிய தேடல்கள் மட்டும் நிற்கும். 'பொருந்தாதவை' என்று மாற்றினால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டியவர்களும் ஆங்கிலத்தில் தேடியவர்களும் வருவார்கள். இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். சராசரி இடம் 8 முதல் 20-க்குள், காட்சி எண்ணிக்கை நிறைய, கிளிக் குறைவு: அந்த இழைகள்தான் முதல் கட்டம். 16 மாதத் தரவு இருக்கும். ஏற்றுமதி 1,000 வரியோடு நிற்கும் என்பதால் பிரிவு வாரியாக வடிகட்டி எடுங்கள்.

#13 பனங்கிழங்கு

நெய்தல் அக்கா சொன்னதோடு ஒன்று. ஊருக்கு ஊர் சொல் வேறு. அங்கே பேக்கரி, இங்கே வெதுப்பகம். அங்கே சைக்கிள், இங்கே துவிச்சக்கர வண்டி என்று அலுவலகக் கடிதத்தில் எழுதுவோம், வாயிலே சைக்கிள்தான். செல்பேசி, கைபேசி, அலைபேசி என்று ஒரே கருவிக்கு மூன்று பெயர். தலைப்பில் ஒன்று போதும். மற்றச் சொற்கள் பதில்களில் தானாகவே வரும், விவாதத் தளத்தின் பெரிய பலமே அதுதான். மட்டுறுத்துநர்கள் பதில்களைத் 'தூய தமிழாக்குகிறோம்' என்று போய் அந்தச் சொற்களை அழிக்காமல் இருந்தால் சரி.

#14 செந்தூரம்

இரு சொற்களுக்கு நடுவே வரும் ஒற்றெழுத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'வங்கிக் கடன்' என்பதே சரி. தேடுபவர்களில் பலர் 'வங்கி கடன்' என்றுதான் தட்டுகிறார்கள். அதற்காகத் தலைப்பில் ஒற்றை எடுக்க வேண்டாம். உறுப்பினர்களின் பதில்களில் இரண்டு வடிவமும் இயல்பாக இருக்கும். தலைப்பில் வேற்றுமை உருபு ஏறாத வடிவம் ஒன்று இருக்கட்டும், அது போதும். 'பட்டாவை மாற்றுவதற்கு' என்பதைவிடப் 'பட்டா மாறுதல்' நல்லது.

#15 மேடைக்காவலர்

பதிலே வராத இழைகள் 5,000 போல இருக்கின்றன. அழித்துவிடலாமா? முகவரியில் தமிழ்த் தலைப்பு வரும்படி மாற்றலாமா?

#16 வலைத்தறி

பதிலில்லாத இழைகளை அழித்துவிடுங்கள் என்பேன். 410 ('நிரந்தரமாக நீக்கப்பட்டது') என்ற பதிலெண் கொடுங்கள். ஒரு வரிக் கேள்வி, பதில் இல்லை, பத்து வருடம் பழையது. தேடி வருபவருக்கு ஏமாற்றம்தான் மிச்சம்.

#17 நெய்தல்

வலைத்தறி அண்ணா, இதில் நான் உடன்படவில்லை. பதிலில்லாத இழைகளில் பாதி, கேள்வியே இல்லாதவை. சமையல் குறிப்பு, விதை சேமிக்கும் முறை, பத்திரத்தில் பார்க்க வேண்டியவை என்று ஒருவர் உட்கார்ந்து எழுதியிருப்பார், யாரும் பதில் போட்டிருக்க மாட்டார்கள். பதில் எண்ணிக்கையை வைத்து அழித்தால் அவையும் போய்விடும். முதல் பதிவு 300 எழுத்துக்கும் குறைவு, பதில் இல்லை, 2 வருடத்துக்கு மேல், கடந்த 16 மாதத்தில் ஒரு கிளிக்கும் இல்லை: நான்கும் சேர்ந்தால் மட்டும் நோஇண்டெக்ஸ். அழிக்க வேண்டாம். யாராவது பதில் எழுதிய நொடியில் நோஇண்டெக்ஸ் நீங்கும்படி நிபந்தனையை ஸ்டைலிலேயே எழுதிவிடுங்கள்.

#18 வலைத்தறி

சரி, நெய்தல் சொல்லும் நான்கு நிபந்தனை என்னுடையதைவிட நல்லது. அப்படியே செய்யுங்கள்.

முகவரி பற்றி: மாற்றாதீர்கள். தமிழ் எழுத்துக் குறி ஒன்று யூடிஎஃப்-8-ல் 3 பைட். முகவரியில் பைட் ஒன்று விழுக்காட்டுக் குறியோடு 3 எழுத்தாகிறது. ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என்று 5 குறி, முகவரியில் 45 எழுத்து. வாட்ஸ்அப்பில் ஒட்டினால் அரைப் பக்கத்துக்கு நீளும், மின்னஞ்சலில் பாதியில் உடையும். வேர்ட்பிரஸ் மேல் பிபிபிரஸ் என்ற விவாதத் தளச் செருகி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு இடி: அங்கே ஸ்லக்குக்கு (முகவரியில் தலைப்பு வரும் பகுதி) 200 எழுத்துதான் இடம், 22 குறியோடு தலைப்பு வெட்டுப்படும். டிஸ்கோர்ஸ் என்ற இன்னொரு விவாத மென்பொருளில் இயல்பு அமைப்பில் விட்டால் தமிழ்த் தலைப்புகளுக்கு எல்லாம் 'டாபிக்' என்றே ஸ்லக் வரும். அழகில்லை, ஆனால் கெடுதலும் இல்லை, பின்னால் வரும் எண்தான் இழையைக் காட்டுகிறது.

முகவரியை மாற்றினால் 18,000 இழைக்கும் பக்கம் பக்கமாக 301 எழுதி, குறைந்தது ஒரு வருடம் காக்க வேண்டும். கிடைக்கும் பலன் அதற்கு ஈடில்லை.

#19 பதிவேடு

தலைப்பு வேலை முடிந்ததும் இரண்டு காரியம்.

விவாதத் தளங்களுக்கான 'டிஸ்கஷன்ஃபோரம்போஸ்டிங்' என்ற கட்டமைப்புத் தரவை (தேடுபொறிக்கென்று பக்கத்துக்குள் எழுதும் விவரம்) கூகுள் 2023 நவம்பர் முதல் படிக்கிறது. எழுதியவர் பெயர், பதிவிட்ட நேரம், வாசகம் மூன்றும் கட்டாயம், பதில்கள் 'காமென்ட்' என்று உள்ளே அடுக்கப்படும். தமிழ்த் தளங்களில் தவறுவது நேரம்தான். திரையில் 'நேற்று மாலை 5:30' என்று காட்டும் அதே மாறியை இதிலும் போட்டுவிடுகிறார்கள். ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தேதி-நேர வடிவம் வேண்டும், கடைசியில் +05:30 சேர்த்து. ரிச் ரிசல்ட்ஸ் டெஸ்டில் ஒரு இழையைக் கொடுத்தால் பிழை உடனே தெரியும். கேள்வி-பதில் வகைக்கான 'க்யூஏபேஜ்' வேறு. எல்லா இழைக்கும் அதைப் போடாதீர்கள், ஒரு கேள்வி, அதற்கான விடைகள் என்று அமைந்த பிரிவுக்கு மட்டும்.

உறுப்பினர் போடும் வெளி இணைப்புகளுக்கு 'யூஜிசி' (பயனர் எழுதியது) என்ற ரெல் மதிப்பு. கையெழுத்துப் பகுதியில் விளம்பர இணைப்போடு கிடக்கும் ஒரு பதிவும் எழுதாத கணக்குகளைக் களையுங்கள். பிஹெச்பிபிபியில் 'நியூலி ரெஜிஸ்டர்டு யூசர்ஸ்' குழு இருக்கிறது, முதல் 3 பதிவு வரை மட்டுறுத்தலுக்கு நிறுத்தும். அதை அணைத்து வைத்திருந்தால் போட்டுவிடுங்கள்.

சைட்மேப்பில் ஒரு கோப்புக்கு 50,000 முகவரி அல்லது 50 எம்பி எல்லை. கேனானிக்கல் முகவரி மட்டும் இருக்க வேண்டும். 'லாஸ்ட்மாட்' என்பது கடைசிப் பதிலின் உண்மையான நேரமாக இருக்கட்டும். தினமும் எல்லா வரிக்கும் இன்றைய தேதி போட்டால் கூகுள் அதை நம்புவதை நிறுத்திவிடும். 'பிரையாரிட்டி', 'சேஞ்ச்ஃப்ரீக்' இரண்டையும் அது பார்ப்பதே இல்லை.

#20 செந்தூரம்

பேக்கப் ஓடும்போது தளத்தை மூடுவீர்களானால் 503 ('தற்காலிகமாக இயங்கவில்லை') கொடுங்கள். பராமரிப்புச் செய்தியை 200 எண்ணோடு கொடுத்தால் எல்லா இழையின் உள்ளடக்கமும் அந்த ஒரு வரிதான் என்று பதிவாகும். 503-ஐயும் நாள்கணக்கில் விட்டுவைக்காதீர்கள், பக்கங்கள் பட்டியலிலிருந்து இறங்கத் தொடங்கிவிடும். இப்போது ஏஐ பாட்களின் சுமையைத் தடுக்கப் பலரும் ஃபயர்வால் விதி போடுகிறார்கள். அதில் கூகுள்பாட், பிங்பாட் இரண்டும் சிக்காமல் பாருங்கள். ஏஐ பயன்பாட்டுக்கான 'கூகுள்-எக்ஸ்டெண்டெட்' என்ற பெயரை ரோபாட்ஸ் கோப்பில் தடுப்பது தேடலைப் பாதிக்காது.

#21 நெய்தல்

உள் இணைப்பை யாரும் சொல்லவில்லை. பிரிவின் பட்டியலில் பக்கத்துக்கு 25 இழை. 2011-ல் எழுதிய அருமையான இழை 140-ஆம் பக்கத்தில் இருந்தால், அங்கே போக எத்தனை கிளிக்? மனிதரும் போக மாட்டார், பாட்டும் அரிதாகத்தான் போகும். ஒவ்வொரு பிரிவிலும் மேலே ஒட்டிய தொகுப்பு இழை ஒன்று வையுங்கள். 40, 50 இழைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். இணைப்பு 'இங்கே' என்ற சொல்லில் இருக்கக் கூடாது, 'கூட்டுப் பட்டாவைத் தனிப் பட்டாவாக்கத் தேவையான ஆவணங்கள்' என்ற சொற்களிலேயே இருக்க வேண்டும். பிரிவை நன்கு அறிந்த மட்டுறுத்துநர் ஒருவரால் இரண்டு மாலையில் செய்ய முடிகிற வேலை. இந்த இழையில் சொன்ன எல்லாவற்றிலும் இதற்குத்தான் நான் முதல் இடம் கொடுப்பேன்.

#22 மேடைக்காவலர்

அனுமதி, ஸ்டைல், ரோபாட்ஸ் கோப்பு முடிந்தது. லாக்கில் இன்று காலை 'நில ஆவணம்' பிரிவின் 3-ஆம் பக்கம் வரை கூகுள்பாட், எல்லாம் 200. ஐபி சரிபார்த்தேன், உண்மையானதுதான். பாமினி மாற்றத்தை நகல் சர்வரில் ஓட்டினேன், 'ர்' பிழை மட்டும் ஆயிரக்கணக்கில் சிக்கியது. ஒரு சந்தேகம்: 'ஸ்ரீ' என்பது இரண்டு விதமாக வருகிறது. பார்வைக்கு ஒன்றுதான், உள் தேடலில் ஒன்றைத் தட்டினால் மற்றது வருவதில்லை.

#23 பனங்கிழங்கு

ஒன்றில் முதலெழுத்து ஸ, மற்றதில் ஶ. இந்த ஶ என்ற எழுத்து 2005-இல் யூனிகோட் 4.1-இல்தான் சேர்ந்தது, அதற்கு முன் எல்லாரும் ஸ-வை வைத்தே எழுதினார்கள். இரண்டும் என்எஃப்சியில் ஒன்றாகாது, நீங்கள்தான் மாற்ற வேணும். உங்கள் உறுப்பினர்களின் விசைப்பலகையில் ஸ்ரீ தட்டினால் எது வருகிறது என்று நாலைந்து பேரிடம் கேட்டு, அந்த வடிவத்துக்குத் தலைப்புகளையும் பதிவுகளையும் மாற்றுங்கள். ஶ-வை ஸ-வாக மாற்றுவதானால் ஶ, புள்ளி, ர, ஈகாரக் கொக்கி என்ற நாலும் சேர்ந்து வரும் இடத்தை மட்டும் பிடியுங்கள். சமஸ்கிருதச் சுலோகங்களில் ஶ தனியாக வரும், அதைத் தொடக் கூடாது. முடிந்ததும் உள் தேடலின் சொல் அட்டவணையை நிர்வாகப் பலகத்தில் அழித்து மறுபடி உருவாக்க வேணும், இல்லாவிட்டால் தேடல் பழைய சொற்களையே காட்டும்.